குடையை மறந்து போனவளே

ஜூலை 6, சனி

உடுப்பை ஊறப்போட்டுவிட்டு நிமிர்ந்தால் கேற்றில் இரண்டு பேர். பொடியன் தலைமயிரை வளர்த்துக் கொண்டை போட்டிருந்தான். பெட்டை கட்டையாக வெட்டியிருந்தாள். சலூனில் ஆள் மாறி வெட்டிவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"கிறகோரி அங்கிள் வீடா அன்ரி? லைற்ஹவுஸ் பொய்ஸ் கிறகோரி?"

திருகோணமலையில் என் மனுசனை எல்லோரும் 'கிறேன் கிறகோரி' என்றுதான் சொல்வார்கள். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். அதற்கு முன்னால், எனக்கும் முன்னால், லைற்ஹவுஸ் பொய்ஸ் என்று நாலு பொடியளாகச் சேர்ந்து கிற்றார் அடித்துப் பொப் பாட்டுப் பாடித் திரிந்த கதை எனக்குக் கேள்வியில்தான் தெரியும். எழுபதுகளில் இந்தத் தீவில் மீசை முளைத்தவன் எல்லாம் கிற்றாரோடுதான் திரிந்தானாம். நான் ஒரு பாட்டையும் கேட்டதில்லை. அவரிடம் இருந்த இசைத்தட்டுகள் எழுபத்தெட்டுச் சூறாவளியோடு போயின. அடுத்த வருடம் கழுத்தில் கட்டி வெட்டினார்கள், குரலும் போயிற்று. மிஞ்சியது கரகரத்த குரல். அந்தக் குரலைத்தான் நான் கலியாணம் கட்டினேன்.

பொடியன் பெயர் அபிஷன், ட்ரம்ஸ் அடிக்கிறானாம். பெட்டை மிதுஷா, கம்பஸில் படிக்கிறாள், கிற்றார். இவர்களோடு இன்னும் இரண்டு பேர் சேர்ந்து ஒரு குழு, பெயர் 'கச்சான்'. வீசுகிற கச்சான் காற்றா, கொறிக்கிற கடலையா என்று கேட்டேன். இரண்டும்தான் அன்ரி என்றான். பழைய பொப் பாட்டுகளைத் தேடி எடுத்துத் திரும்ப வாசிக்கிறார்களாம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இப்படிக் குழுக்கள் கிளம்பியிருக்கின்றனவாம். ஓகஸ்ட் பதினேழாம் திகதி கடற்கரையில் நிகழ்ச்சி. எங்கள் ஆள் மேடைக்கு வந்து அவர்களோடு வாசிக்க வேண்டும்.

"அங்கிளின்ட பாட்டுத்தான் எல்லாருக்கும் கஷ்டம்" என்றாள் மிதுஷா. "மற்றக் குழுக்களில ஒருத்தராலயும் அந்த வேகத்தில வாசிக்க ஏலாது. கை விட்டிட்டினம்."

எழுபத்து மூன்றில் வந்த பாட்டாம். வெளிநாட்டில் யாரோ ஒருவர் தன்னிடம் இருந்த இசைத்தட்டிலிருந்து யூடியூப்பில் ஏற்றியதாம். விறாந்தையில் வைத்துப் போனில் போட்டுக் காட்டினாள்.

மூதூர் லோஞ்சில ஏறினவளே, குடையை மறந்து போனவளே.

கிற்றார் தகரக் கூரையில் மழை விழுந்தது போல அடித்துத் தள்ளியது. பாடியது ஒரு பெண். மெல்லிய, துடுக்கான குரல். இவர் தலையைச் சரித்துக் கேட்டார்.

"பாட்டு என்ட பாட்டுத்தான். ஆனா இது நாங்கள் இல்லையே" என்றார்.

"பாடின அக்கா ஆர் அங்கிள்? பேர் ஒரு இடமும் இல்லை."

"அக்காவோ? பாடினது நான்."

பெட்டையும் பொடியனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முப்பத்தைந்து வருடம் மருத்துவிச்சி வேலை பார்த்தவள் நான். நோயாளிக்குத் தெரியாமல் நானும் தாதியும் அப்படித்தான் பார்த்துக்கொள்வோம். தேத்தண்ணி போட உள்ளே போய்விட்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

பாலையூற்றுக் கோயிலில் பூசை. பாதர் பிரசங்கம் வைக்க, நான் முன் வாங்குகளில் இருந்த கிழவிகளை ஒவ்வொருத்தியாகப் பார்த்தேன். எழுபத்து மூன்றில் இருபது வயது என்றால் இப்போது எழுபது தாண்டியிருக்கும். பாடகர் குழுவில் நிற்கிற எமிலியா? அவள் குரல் அண்டங்காகத்தின் குரல். றீற்றா ரீச்சர்? அவ அந்தக் காலத்தில் கொன்வென்ற் மதிலைத் தாண்டியிருக்க மாட்டா.

திரும்பி வருகிற வழியில் நேராகவே கேட்டேன்.

"ஆர் அந்தப் பெட்டை?"

"எந்தப் பெட்டை?"

"உங்களோட பாடினவள். குடையை விட்டிட்டுப் போனவள்."

"ஒருத்தியும் போகேல்லை ஜெசி. மெயின் வீதியில குடைக் கடைக்காரன் ஒருத்தன் ரேடியோ விளம்பரத்துக்கு ஒரு பாட்டுக் கேட்டவன். பிறகு காசு தராமல் ஏமாத்திப்போட்டான். நாங்கள் அதை ரெக்கோட் போட்டிட்டம்."

சிரித்தார். இவர் பகிடிக்காரர். எது பகிடி, எது உண்மை என்று இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

காலையில் பேக்கரிக்குப் போய் ஒரு றாத்தல் பாண் வாங்கி வந்தார். பத்து மணிக்குத் திரும்பவும் ஒரு றாத்தல் பாண் வாங்கி வந்தார். நல்ல பாண்தான். மிச்சத்தை வாட்டிச் சம்பலோடு தின்றோம்.

ஜூலை 13, சனி

மிதுஷா கிற்றாரோடு வந்தாள். சின்னப் பெட்டி ஒன்றையும் தூக்கிக்கொண்டு அபிஷன் பின்னால் வந்தான். கிற்றார்ச் சத்தம் அதற்குள்ளால்தான் வருமாம். ஹோலில் கதிரைகளை ஒதுக்கினோம். அவள் இருந்தபோது இடது கை விரல் நுனிகளைக் கண்டேன். நாலிலும் பிளாஸ்ரர்.

"காட்டு பிள்ளை" என்று கையைப் பிடித்துக் கழற்றிப் பார்த்தேன். தோல் வெடித்து, காய்ந்து, திரும்ப வெடித்திருந்தது. "என்ன செய்தனீ?"

"ஒரு வருசமா இந்தப் பாட்டுத்தான் அன்ரி. நடுவில ஒரு துண்டு வரும். அதைத்தான் பிடிக்க ஏலாமல் கிடந்தது. போன மாதம் வந்திட்டுது."

மஞ்சள் பூசி விடுகிறேன் என்றேன். வாசித்த பிறகு என்றாள்.

பிறகு வாசித்தாள்.

நான் எதற்கும் லேசில் வாய் பிளக்கிறவள் இல்லை. கால் முதலில் வந்த பிள்ளையைக் குப்பி விளக்கில் எடுத்திருக்கிறேன். அழாத பிள்ளையை அழ வைத்திருக்கிறேன். ஆனால் இந்தப் பெட்டையின் கை அந்த நடுத்துண்டுக்கு வந்தபோது என் கை மயிர் எழும்பி நின்றது. விரல்கள் ஓடுவது தெரிந்தது, எங்கே வைத்து எங்கே எடுக்கிறாள் என்று தெரியவில்லை. ஒரு கம்பியில் நாலைந்து பேர் நின்று வாசிக்கிற மாதிரி இருந்தது. முகத்தில் ஒரு அசைவும் இல்லை. மூச்சைக்கூட அளந்துதான் விட்டாள். ஒரு மனிசப் பிள்ளையின் கை இப்படியும் போகுமா என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது.

முடிந்ததும் இவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது.

"பிள்ளை, நான் இப்பிடி வாசிக்கேல்லை."

"சும்மா சொல்லாதைங்கோ அங்கிள். ரெக்கோட்டில உங்கட கைதானே."

"என்ட கை இப்பிடிப் போகாது. அண்டைக்கும் போகாது."

மிதுஷா அடக்கம் என்று நினைத்துச் சிரித்தாள். என் மனுசனுக்கும் அடக்கத்துக்கும் வெகு தூரம். கிறேனில் ஏறினால் இலங்கையிலேயே தன்னை விட்டால் ஆள் இல்லை என்று சொன்னவர் அவர். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

போகும்போது மிதுஷாவை "ஷெறின், கவனமாப் போ" என்றார். ஷெறின் எங்கள் மகள், கனடாவில். மகள் நினைப்பில் சொல்லியிருப்பார்.

ஜூலை 16, செவ்வாய்

கனடாவிலிருந்து ஷெறின் போன் எடுத்தாள்.

"அம்மா, அப்பா என்னட்ட ஒரே கேள்வியை மூண்டு தரம் கேட்டவர். அங்க இப்ப குளிரோ எண்டு. ஜூலையில."

"லைன் கிளியர் இல்லாட்டி நானும்தான் கேப்பன்."

"வாட்ஸப் அம்மா. எல்லாம் கிளியர்தான்."

பாட்டு விஷயத்தை யாரோ முகநூலில் போட, அவள் அதையும் பார்த்திருக்கிறாள். ஒரு பெண் பாடிய பாட்டைத் தான் பாடியதாக அப்பா சொல்கிறார், தன்னுடைய கிற்றாரைத் தன்னுடையது இல்லை என்கிறார், இது ஞாபகம் போகிற நோய் அம்மா என்கிறாள். கொழும்பில் மூளை டொக்டர் ஒருவரிடம் ஓகஸ்ட் இருபத்தோராம் திகதிக்கு நேரம் எடுத்துவிட்டாளாம். அதோடு நிற்கவில்லை. கன்னியாஸ்திரிகள் நடத்துகிற முதியோர் இல்லம் ஒன்றில் இருவருக்கும் சேர்த்து ஒரு அறை பார்த்து வைத்திருக்கிறாளாம். வீட்டைப் பூட்டிவிட்டுப் போகலாமாம்.

"நீங்கள் தனிய எப்பிடி அவரைப் பாக்கப் போறியள்?" என்று அழுதாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அழுகிற பிள்ளையோடு கோபிக்க ஏலாது, அதனால் கறி அடிப்பிடிக்குது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் கறி இல்லை.

ஜூலை 20, சனி

அலுமாரிக்கு மேலிருந்து தன் பழைய கிற்றாரை இறக்கினார். மிதுஷா புதுக் கம்பி கொண்டுவந்து பூட்டினாள். இவர் அதே பாட்டை வாசித்தார். ஆறுதலாக, தாலாட்டுகிற மாதிரி. லோஞ்ச் படகு அலையில் ஏறி இறங்குவது போல இருந்தது. எனக்குப் பிடித்தது.

"கொஞ்சம் கெதியா அங்கிள்" என்றாள் அவள்.

கெதியாக வாசிக்கப் பார்த்தார். விரல் சிக்கிக்கொண்டது. திரும்பப் பார்த்தார். கிற்றாரைக் கீழே வைத்துவிட்டு, "இதுதான் பாட்டின்ட வேகம். வேற வேகம் இல்லை" என்று சத்தம் போட்டார். மேசையைக் கையால் தட்டினார். "ஏன் ஒருத்தரும் நம்புறியள் இல்லை?"

அவர் சத்தம் போடுகிற மனிதர் இல்லை. சத்தம் போடுவது என் வேலை.

ஜூலை 24, புதன்

கோயிலுக்கு மெழுகுதிரி கொளுத்தப் போனவரை முச்சக்கர வண்டிக்காரன் ஒருவன் கொண்டுவந்து இறக்கினான். கோயிலுக்குப் போகாமல் உப்புவெளிக் கடற்கரையில் நின்றாராம். காற்று வாங்கப் போயிருப்பார். இந்தக் கச்சான் வெக்கையில் யாருக்குத்தான் கடற்கரைக்குப் போக மனம் வராது.

இதை எழுதிவிட்டுக் கொப்பியை மூடித் திரும்பத் திறந்தேன். ஒரு விஷயத்தை எழுதத்தான் வேண்டும். அந்தக் குரலுக்குரிய பெட்டை ஒருத்தி இருந்திருந்தால் நல்லது. இவர் அவளோடு லோஞ்சில் போய் வந்து, குடையும் பிடித்து, இத்தனை வருடம் என்னிடம் மறைத்துப் பொய் சொல்கிறார் என்றால், வாயில் வந்ததெல்லாம் சொல்லி ஏசிப்போட்டு, இரண்டு நாள் சோறு போடாமல் விட்டு, பிறகு மன்னித்துவிடுவேன். பொய் சொல்கிற மனுசனை வைத்துச் சமாளிக்கலாம். பொய் இல்லையென்றால் என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

லூர்து மாதாவிடம், தயவுசெய்து ஒரு பெட்டை இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். இப்படி ஒரு மன்றாட்டை அந்த அம்மா இதுவரை கேட்டிருக்க மாட்டா.

ஓகஸ்ட் 3, சனி

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அவசரத்தில் எழுதுகிறேன். எழுத்துக் கோணினால் கோணட்டும்.

நிகழ்ச்சி அன்று மேடையில் வைக்கவென்று அபிஷன் கொழும்பில் பழைய சாமான் சேர்க்கிற ஒருவரிடமிருந்து அதே இசைத்தட்டில் ஒன்றைக் கடனாக வாங்கி வந்தான். சின்னத் தட்டு, ஒரு சாப்பாட்டுப் பீங்கான் அளவுதான். நடுவில் ஒட்டியிருந்த கடதாசியைச் செல் அரித்து ஒரு எழுத்தும் மிச்சமில்லை. ஒரு ரெக்கோட் பிளேயரும் கொண்டு வந்தான், சூட்கேஸ் மாதிரித் திறக்கிறது.

இவர் தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். விளிம்பில் மட்டும் விரல் பட, பிறந்த பிள்ளையை வாங்குவது போல. ஊதினார். வைத்தார். பிளேயரின் பக்கத்தில் ஒரு சின்ன விசை இருந்தது. அதைப் பார்க்கக்கூட இல்லை. அபிஷனோடு வெய்யிலைப் பற்றிக் கதைத்துக்கொண்டே பெருவிரலால் அதை ஒரு பக்கம் தள்ளிவிட்டார்.

"அங்கிள், அது முப்பத்து மூண்டுக்குப் போட்டுது" என்றான் அபிஷன். "சின்ன ரெக்கோட் நாப்பத்தஞ்சில ஓட வேணும்."

"எங்கட முப்பத்து மூண்டு" என்றார்.

பிறகு அபிஷன்தான் எனக்கு விளங்கப்படுத்தினான். பெரிய தட்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்று தரம் சுற்றும், சின்னது நாற்பத்தைந்து தரம். சின்னத் தட்டைக் கண்டால் யாரும் யோசிக்காமல் நாற்பத்தைந்தில் வைப்பார்கள். ஆனால் லைற்ஹவுஸ் பொய்ஸ் நாலு பேரும் ஆளுக்கொரு பாட்டுப் போட்டே தீருவது என்று அடம் பிடித்திருக்கிறார்கள். சின்னத் தட்டில் இரண்டு பாட்டுக்குத்தான் இடம். மெதுவாகச் சுற்ற விட்டால் நாலும் கொள்ளும். அப்படிச் செய்தார்கள். வெளிநாட்டில் ஏற்றியவருக்கு அது தெரியாது. சின்னத் தட்டுத்தானே என்று நாற்பத்தைந்தில் ஓட விட்டிருக்கிறார். கெதியாகச் சுற்றினால் ஆண் குரல் மெலிந்து பெண் குரலாகும். கிற்றார் பறக்கும்.

இதெல்லாம் பிறகு. அப்போது இவர் ஊசியை இறக்கினார்.

முதலில் மொறுமொறு என்றது. பிறகு அந்தக் கிற்றார், ஆறுதலாக, இவர் எங்கள் ஹோலில் வாசித்தாரே, அதே நடை. பிறகு ஒரு ஆண் பாடத் தொடங்கினான்.

மூதூர் லோஞ்சில ஏறினவளே.

அப்படியொரு குரல். கனமும் இருந்தது, குழைவும் இருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடுகிற குரல். 'குடையை' என்கிற இடத்தில் சும்மா ஒரு இழுப்பு. அந்த இழுப்பை எனக்குத் தெரியும். 'ஜெசி' என்று கூப்பிடும்போது கரகரத்த தொண்டையால் இன்றைக்கும் அப்படித்தான் இழுப்பார்.

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, இரண்டு தரம் இடம்பெயர்ந்து, ஒரு வாழ்க்கை முழுக்க ஒரே பாயில் படுத்த மனிதரின் குரலை இன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்கிறேன். எத்தனையோ பிள்ளைகளின் முதல் சத்தத்தைக் கேட்டவள் நான். அப்போதெல்லாம் வேலை இருக்கும், அசந்து நிற்க நேரமிராது. இன்றைக்கு நின்றேன். சாரத்தோடு கதிரையில் இருக்கிற கிழவனையும் பார்த்தேன், சுற்றுகிற கறுப்புத் தட்டையும் பார்த்தேன். இரண்டும் ஒரே ஆள். அழுதேன். வெட்கப்படவில்லை.

பாட்டு முடிந்தது. இவர் என்னைத்தான் பார்த்தார். "பெட்டை எங்க?" என்றார்.

"செத்துப்போனாள்" என்றேன்.

பிறகுதான் மிதுஷாவின் நினைவு வந்தது. அவள் நிலத்தில் இருந்தாள். விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்த வாசிப்பு உண்மையில்லை" என்றாள் மெதுவாக. "பழைய ரெக்கோடிங், அதுதான் கீச்செண்டு கேக்குது எண்டு நினைச்சம். ஒருத்தரும் அப்பிடி வாசிக்கேல்லை. இல்லாத ஒண்டைப் பிடிக்க ஒரு வருசமா ஓடியிருக்கிறன்."

இவர் கதிரையை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"ஓம் பிள்ளை. உலகத்தில ஒருத்தரும் அப்பிடி வாசிக்கேல்லை. நீர் வாசிக்கும் வரைக்கும்."

அவள் நிமிர்ந்தாள்.

"மெசினால மட்டும் ஏலுமான ஒண்டைக் கையால செய்துபோட்டீர். நான் சொன்னனான் எல்லே, அது என்ட கை இல்லை எண்டு. அது உம்மட கை. எழுவத்து மூண்டில நான் உம்மட வாசிப்பைக் கேட்டிருந்தா கிற்றாரைக் கடலில எறிஞ்சுபோட்டுப் போயிருப்பன்."

அந்தப் பிள்ளை சிரிக்கத் தொடங்கி அழுகையில் முடித்தாள். நான் மஞ்சள் அரைக்கப் போனேன். அம்மியில் நின்றபோது எனக்கும் அது மெல்ல மெல்ல உறைத்தது. ஒரு பிழையைப் பார்த்து ஒருத்தி தன் விரலைக் கிழித்துக்கொண்டு படித்திருக்கிறாள். பிழை என்று தெரியாததால், ஏலாது என்றும் அவளுக்குத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்துப் பொடியள் கை விட்டார்கள். இவள் விடவில்லை.

ஓகஸ்ட் 4, ஞாயிறு

ஷெறினுக்கு நானே எடுத்தேன். அப்பா சொன்னது எல்லாம் சரி, பிழை எங்கள் பக்கம், டொக்டரும் வேண்டாம் அறையும் வேண்டாம், எல்லாவற்றையும் நிற்பாட்டு என்றேன். பாட்டையும் கேட்க விட்டேன்.

"இது அப்பாவா?"

"உன்ட அப்பாதான். அவருக்கு ஒரு குறையும் இல்லை."

ஓகஸ்ட் 11, ஞாயிறு

பிள்ளைகள் தினமும் வருகிறார்கள். ஹோல் முழுக்க வயர். கூட்ட ஏலாது. நிகழ்ச்சிக்கு இப்படித் திட்டம் போட்டிருக்கிறார்கள்: அபிஷன் இசைத்தட்டைச் சரியான வேகத்தில் ஓட விடுவான், இவர் தன் பழைய குரலோடு சேர்ந்து கிற்றார் வாசிப்பார். அது முடிகிற இடத்தில் மிதுஷா தன் வேகத்தில் பிடிப்பாள்.

வாசிக்கும்போது இவருக்கு ஒரு பிசகும் வருவதில்லை. வாசித்து முடித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை என்று வீடு முழுக்கத் தேடினார். போட்டிருந்தார். நானும் எத்தனை தரம் அப்படித் தேடியிருக்கிறேன்.

ஓகஸ்ட் 15, வியாழன்

மாதாவின் பெருநாள். அந்தப் பழைய மன்றாட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். வேறு ஒன்று வைத்தேன். அதை எழுதவில்லை.

ஓகஸ்ட் 18, ஞாயிறு

நேற்றுக் கடற்கரையில் சனம். இவ்வளவு பிள்ளைகள் திருகோணமலையில் இருக்கிறார்களா என்று அசந்துபோனேன். இவர்களில் பாதிப் பேரை நான்தான் பூமிக்கு இறக்கியிருப்பேன். என் மனுசன் பாடிய பாட்டை அவர்கள் எல்லோருக்கும் தெரியும், எனக்குத்தான் ஒரு மாதத்துக்கு முன்னால்வரை தெரியாது.

இவர் வெள்ளைச் சேட்டில் மேடையில் இருந்தார். கச்சான் காற்று மைக்கில் உறுமியது. அபிஷன் விஷயத்தைச் சனத்துக்குச் சொன்னான்: இவ்வளவு காலமும் நாங்கள் பிழையான வேகத்தில் கேட்டிருக்கிறோம், அக்கா என்று நினைத்தது இந்த அங்கிளைத்தான். பெரிய சிரிப்பு. பிறகு ஊசி இறங்கியது.

அந்த இருபத்தைந்து வயதுக் குரல் கடல் வரைக்கும் போனது. சிரித்த சனம் அப்படியே அடங்கிவிட்டது. இவர் அதற்கு வாசித்தார். தன் குரலுக்குத் தானே. எனக்கு முன்னால் நின்ற பிள்ளைகள் போனைத் தூக்கியவர்கள் தூக்கியபடி, படம் எடுக்க மறந்து நின்றார்கள். நானும் அப்படித்தான் நின்றேன். கடவுளே, எனக்கு இதைக் காட்ட வேண்டும் என்று வைத்திருந்தாயே என்று நினைத்தேன்.

இரண்டாவது அடியில் இவருடைய கை நின்றது. கம்பியில் வைத்தபடி நின்றது. தலையைச் சரித்துக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

மிதுஷா ஒருமுறைதான் அவரைப் பார்த்தாள். பிறகு அவர் விட்ட இடத்திலிருந்து வாசித்தாள். தன் வேகத்தில் இல்லை, அவர் வேகத்தில். லோஞ்ச் ஏறி இறங்குகிற நடையில், ஒரு அடி தப்பாமல், அவர் எங்கள் ஹோலில் வாசித்தது போலவே. ஒரு வருடம் கெதியாக வாசிக்கப் படித்தவளுக்கு அவ்வளவு ஆறுதலாக வாசிக்க எப்போது வந்ததோ தெரியவில்லை. சனத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. இப்படித்தான் திட்டம் என்று நினைத்திருக்கும்.

பாட்டு முடிந்ததும் மிதுஷா கம்பியை ஓங்கி ஒரு அடி அடித்துத் தன் வேகத்தை எடுத்தாள். அதை எழுத எனக்கு வராது. கடற்கரை முழுக்கத் துள்ளியது. மணலில் நின்ற கிழவி நானும் துள்ளினேன், முழங்கால் இன்றைக்குக் கேள்வி கேட்கிறது. இவர் மேடையில் கைதட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வரும்போது, "அந்தப் பெட்டை என்னமா வாசிக்கிறாள்" என்றார். "ஆரின்ட பிள்ளை?"

களைப்பு. நானும் களைத்துத்தான் போயிருந்தேன்.

ஓகஸ்ட் 19, திங்கள்

பிளேயரை அபிஷன் எங்களிடமே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். தட்டையும் இன்னும் ஒரு கிழமைக்கு வைத்திருக்கச் சொன்னான்.

காலையில் நான் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். இவர் தானே போய்ப் பிளேயரைத் திறந்தார். தட்டை ஊதி வைத்தார். பார்க்காமலே விசையை முப்பத்து மூன்றுக்குத் தள்ளினார். ஊசியை இறக்கிவிட்டுக் கதிரையில் சாய்ந்தார். நான் நீத்துப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தேன். முழுப் பாட்டும் கேட்டோம்.

"இஞ்சாரும்" என்றார். "ஆர் இந்தப் பொடியன்? நல்லாப் பாடுறான்."

நான் பிளேயரைப் பார்த்தபடி இருந்தேன்.

"என்ட மனுசன்" என்றேன்.

"அப்பிடியோ" என்றார். "குடுத்து வைச்சனீர்."

"ஓம்" என்றேன். "குடுத்து வைச்சனான்."

பகிடி விட்டிருப்பார். பகிடி விடும்போது இடது கண் கொஞ்சம் சிறுக்கும், பார்த்தால் தெரிந்துவிடும். நான் முகத்தைப் பார்க்கவில்லை. புட்டுப் போட்டுக் கொடுத்தேன், வாழைப்பழத்தோடு சாப்பிட்டார், நல்ல புட்டு என்றார்.

பாத்திரம் கழுவிய பிறகு ஷெறினுக்கு எடுத்தேன்.

"அந்த டொக்டர். நீ நிப்பாட்டினதைத் திரும்ப எடுக்க ஏலுமோ?"

"நான் நிப்பாட்டேல்லை அம்மா" என்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. என் பிள்ளை, என்னைப் போலவே சொல் கேளாதவள். டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன், அறைக்குப் போக மாட்டோம், வீட்டைப் பூட்ட மாட்டேன் என்று தெளிவாகச் சொன்னேன். மிதுஷா கம்பஸ் முடிய இங்கேதான் வந்து வாசிக்கிறாள், அந்தச் சத்தம் இவருக்கு வேண்டும் என்றும் சொன்னேன். எனக்கு வேண்டும் என்றும் சொன்னேன்.

நாளைக்கு விடிய பஸ். இவருக்கு இரண்டு சேட், இரண்டு சாரம், மூக்குக்கண்ணாடி. பெரிய பையில் பிளேயர், இரண்டு துவாய்க்கு நடுவில் தட்டு. டொக்டர் இன்றைக்கு என்ன கிழமை, எத்தனையாம் திகதி என்றெல்லாம் கேட்பாராம். கேட்கட்டும். அதற்கு முதல் மூன்று நிமிடம் இதைக் கேளுங்கோ என்று மேசையில் வைக்கப் போகிறேன். வேகத்தை இவரே வைப்பார்.